செட் பெற்றோலைத் திட்டுறதுக்கு முதல் ஓஸைப் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில கிளிநொச்சிப் பக்கம் வான் ஓடுற ஒரு அண்ணை கடிதம் எழுதியிருந்தார், தன்ர பழைய வான் முந்தி லீற்றருக்கு ஓடின அளவுக்கு இப்ப ஓடுதில்ல, பெற்றோல் அடிக்கிற செட்டில மண்ணெண்ணெய் கலக்கிறாங்கள், அதுதான் காரணம் எண்டு. அவர் சொல்லுறது பொய் எண்டு சொல்ல நான் வரேல்ல, கலக்கிற ஆக்களும் இருக்கலாம், ஆனா நானும் இதே பாட்டை எட்டு மாசம் பாடினவன், கடைசியில பாத்தா பிழை செட்டில இல்ல, என்ர சீற்றுக்குக் கீழ ஒரு றப்பர் ஓஸிலதான் கிடந்தது. அந்த அண்ணையும் என்னைப்போல காசைக் கொட்டக்கூடாது எண்டுதான் எழுதுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், வெட்டாமப் போடுங்கோ ஐயா.

என்ரை ரொயோட்டா லைற்ஏஸ், 5கே எஞ்சின், 1486 சீசீ, பெற்றோலையும் காத்தையும் கலந்து குடுக்கிற காபரேற்றர் வைச்ச பழைய வான். விசுவமடுவில இருந்து காலமையும் பின்னேரமும் ஸ்கூல் பிள்ளையள் ஏத்துறன், சனி ஞாயிறில ஹையர், வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ரெண்டு நாள் நித்திரையே இல்ல. பழசு எண்டு எல்லாரும் சிரிப்பினம், ஆனா 2020 பங்குனியில வாகன இறக்குமதியை மறிச்ச பிறகு பழசுக்குத்தான் விலை, 2025 இல திறந்து விட்டாலும் அந்த வரியைக் கட்டி எங்களை மாதிரி ஆக்கள் புது வான் வாங்குறது நடக்கிற காரியமே, இருக்கிறதைத்தான் இழுத்துப்பறிச்சு ஓடோணும். பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி அடிச்ச காலத்தில வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தாங்கள் நினைவிருக்கும், அந்த 20 லீற்றரில நான் 180 கிலோமீற்றர் ஓடினனான், லீற்றருக்கு 9. 2022 ஆனியில பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனபோதும் என்ரை வான் 9 ஓடினது. பிறகுதான் மெல்ல மெல்ல 8 ஆகி, 7 ஆகி, கடைசியில ஆறரைக்கு வந்து நிண்டது.

ஆறரை எண்டா என்னெண்டு கணக்குப் பாத்தா வயிறு எரியும். மாசம் ஸ்கூல் ஓட்டம் மட்டும் 1000 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ, முந்தி 111 லீற்றர், இப்ப 154 லீற்றர், லீற்றர் 300 எண்டு பாத்தாலும் 12,900 ரூபா சும்மா காத்தோட போகுது. பிள்ளையளின்ர தாய்தேப்பனிட்ட மாசக் காசைக் கூட்டிக் கேக்கவும் ஏலாது, அவையளும் கச்சான், நெல்லு எண்டு தோட்டம் வயலை நம்பித்தான் இருக்கினம்.

வான் காட்டின குணங்களைச் சொல்லுறன், அண்ணை உங்கட வானோட ஒத்துப் பாருங்கோ. ஸ்கூல் வாசலில நிப்பாட்டி வைச்சிருக்கேக்க எஞ்சின் நடுங்கும், ஒருக்கா ஏறும் ஒருக்கா இறங்கும், முன் சீற்றில இருக்கிற நாலாம் ஆண்டுப் பெடியன் ஒருத்தன் "அங்கிள் வானுக்குக் குளிர் பிடிச்சிட்டுது" எண்டுவான். ஆனா ஆக்சிலேற்றரை மிதிச்சுப் பரந்தன் றோட்டில 50 இல போகேக்க ஒரு நடுக்கமும் இல்ல. இதுதான் முதல் துப்பு, நான்தான் கவனிக்கேல்ல. ரெண்டாவது, பிறேக் பெடல் கல்லு மாதிரி இறுகினது, முழுக் காலையும் குடுத்துத்தான் அமத்த வேண்டி வந்தது. அதைக் கராச்சில சொன்னா லைனர் தேஞ்சு போச்சு எண்டு லைனர் மாத்தினாங்கள். அதுக்குப் பிறகும் கல்லுத்தான்.

மூண்டு கராச் ஏறி இறங்கினன், பேர் வேண்டாம். முதலாமவர் பிளக், பொயின்ற், கண்டென்சர் மாத்தினார், அது சரி, எப்பவோ மாத்த வேண்டியதுதான். ரெண்டாமவர் காபரேற்றர் முடிஞ்சுது எண்டு சொல்லி, கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில இருந்து பழசு ஒண்டு எடுப்பிச்சுப் பூட்டினார், கூலியோட 38,000. பூட்டின அண்டைக்குக் கொஞ்சம் நல்லா இருந்த மாதிரிக் கிடந்தது, அது மனப்பிராந்தியோ தெரியாது, அடுத்த கிழமை பழைய குருடி கதவைத் திறவடி. மூண்டாமவர் ஒண்டும் மாத்தேல்ல, காபரேற்றரில இருக்கிற மிக்சர் ஸ்குரூவைப் பெற்றோல் கூடப் போற மாதிரி ரெண்டு சுத்து வெளியால விட்டு, ஐட்லிங் ஸ்குரூவை உள்ளுக்கு முறுக்கி, "இப்ப நிக்காது அண்ணை" எண்டார். நிக்கேல்லத்தான். ஆனா பெற்றோல் மணம் வானுக்குள்ள அடிக்கத் தொடங்கினது, ஆறரைக்கு வந்தது அதுக்குப் பிறகுதான்.

இதுக்குள்ள புகைச் சோதனைக்கும் போனனான். வருசா வருசம் லைசன் எடுக்க இந்தப் புகைச் சான்றிதழ் வேணும், எல்லாரும் எடுக்கிறம், ஆனா அந்தத் துண்டில என்ன கிடக்குது எண்டு ஆர் வாசிக்கிறது? நான் முதல் தரம் போகேக்க எச்.சீ கூட எண்டு பெயில், சீ.ஓ குறைவா இருந்தது. ஸ்குரூ திறந்து விட்ட பிறகு போனா சீ.ஓ கூட எண்டு பெயில். எச்.சீ எண்டா எரியாமலே வெளியால வாற பெற்றோல், சீ.ஓ எண்டா காத்துப் போதாமல் அரைகுறையா எரிஞ்சதின்ர மிச்சம். சீ.ஓ குறைவா இருந்து எச்.சீ மட்டும் ஏறிக் கிடந்தா, பிளக்கும் வயரும் நல்லா இருக்கிற எஞ்சினில, காத்து எங்கயோ கள்ளமாப் போகுது எண்டு முதல் சந்தேகம் வரோணும், காத்துக் கூடினா கலவை மெலிஞ்சு சில அடி பத்தாமலே தப்பிப்போகும், பத்தாத பெற்றோல் சைலன்சரால வெளிய வரும். இவ்வளவும் அந்தத் துண்டிலயே எழுதிக் கிடந்தது ஐயா, 38,000 ரூபாக் காபரேற்றர் பூட்டுறதுக்கு முதலே. நான் அதை மடிச்சு லைசன் புத்தகத்துக்குள்ள வைச்சிட்டன்.

காத்து ஒழுக்குத் தேடுறதெண்டு ஒரு கராச்சில செய்த வேலையையும் சொல்லோணும், ஏனெண்டா இது இப்பவும் கனபேர் செய்யிறது. சோடாப் போத்தல் மூடியில ஆணியால ஓட்டை போட்டு, பெற்றோல் நிரப்பி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க எஞ்சினுக்குக் காத்துப் போற குழாயை, மனிபோல்டை, சுத்திப் பீச்சுறது. எங்க ஒழுக்கோ அங்க பெற்றோலை இழுக்கும், எஞ்சின் சத்தம் மாறும், அது உண்மை. ஆனா 5கே எஞ்சினில காத்து உள்ள போற மனிபோல்டும் புகை வெளிய வாற மனிபோல்டும் ஒரே பக்கம், ஒண்டுக்குக் கீழ ஒண்டு. சூடான இரும்பில பெற்றோல் விழுந்தா என்ன நடக்கும்? பக்கெண்டு பத்தினது. சீற்றுக்குக் கீழதான் எஞ்சின், சீற்றின்ர பஞ்சு ஒரு பக்கம் கருகிப் போச்சு, கிட்டக் கிடந்த ஈரச் சாக்கால அமத்தினபடியால் வான் தப்பினது. தயவுசெய்து பெற்றோலாலயும் கிளீனர் ஸ்பிறேயாலயும் அந்த இடத்தில விளையாடாதீங்கோ, பூக்கண்டுக்கு அடிக்கிற தண்ணி ஸ்பிறே போதும், ஒழுக்கு இருந்தா தண்ணியையும் இழுக்கும், அந்த நேரம் சத்தம் ஒருக்கா மாறும், கொஞ்சம் பொறுமையாக் கேக்கோணும், அவ்வளவுதான்.

கடைசியில தர்மபுரம் பக்கம் ஒரு வயசான ஐயாவிட்டக் கொண்டுபோனன், அவர் இப்ப கராச் நடத்துறேல்ல, வீட்டு மாமரத்துக்குக் கீழ தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும் செய்யிறார். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் மோட்டச்சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில ஓட விட்ட ஆக்கள் இந்தத் தலைமுறை, சேலைன் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி விடுறது. அந்த எண்ணெயில எஞ்சினை ஓட வைக்கிறதெண்டா காபரேற்றரின்ர ஒவ்வொரு ஓட்டையும் தெரிஞ்சிருக்கோணும். அவருக்கு நான் மண்ணெண்ணெய் கலந்த கதையைச் சொல்ல, சிரிச்சுப்போட்டு, "தம்பி, மண்ணெண்ணெய் எண்டா காலமை ஸ்ராட் பண்ணக் கஷ்டப்படும், இழுவையில டக்கு டக்கெண்டு அடிக்கும், புகையும், உன்ர வான் ஸ்ராட் வாறது சுகமா வருதே?" எண்டு கேட்டார். வந்துகொண்டுதான் இருந்தது. "உதே செட்டில அடிக்கிற மற்றவனின்ர வானும் நடுங்குதோ?" எண்டு அடுத்த கேள்வி. இல்ல. அந்த ரெண்டு கேள்வியோட என்ர எட்டு மாச வழக்குத் தள்ளுபடி.

பிறகு அவர் செய்த வேலையைக் கிட்ட நிண்டு பாத்தனான். சீற்றைக் கிளப்பி எஞ்சினை ஓட விட்டார். பிளையர் வாயில பழைய சாறத்துண்டைச் சுத்தினார், ஓஸ் வெட்டுப்படக்கூடாது எண்டு. மனிபோல்டில இருந்து போற ஒவ்வொரு ஓஸையும் ஒவ்வொண்டா அமத்திப் பிடிச்சு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. சின்ன ஓஸ் ஒண்டு, மாற்றமில்ல. எஞ்சின் புகையை உள்ளுக்கு இழுக்கிற பீ.சீ.வி ஓஸ், அமத்த மெல்லிசா ஒரு இறக்கம், அது வழமையா வாறதுதான் எண்டார். பிறகு எஞ்சின் காத்தை உறிஞ்சுற இழுவையால பிறேக்கை இலேசாக்கிற பிறேக் சேவோவுக்குப் போற தடிச்ச ஓஸை அமத்தினார். எஞ்சின் நடுக்கம் நிண்டு, அப்பிடியே சத்தம் உருண்டையாச்சு. விட்டார், திரும்ப நடுங்கினது. அமத்தினார், நிண்டது. எனக்கு அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்ல.

ஓஸைக் கழட்டினா வெளியால ஒரு வெடிப்பும் இல்ல. கிளிப்பைத் தளத்தி அங்கால தள்ளினார், கிளிப் இருந்த இடத்துக்குக் கீழ, எஞ்சின் சூட்டில காஞ்சு, கருவாட்டுத் தோல் மாதிரி நீளத்துக்கு ரெண்டு வெடிப்பு. கிளிப் மூடிக்கொண்டிருந்ததால மூண்டு கராச்சிலயும் ஒருத்தற்ற கண்ணிலயும் படேல்ல. பிறேக் கல்லு மாதிரி இருந்ததும் இதாலதான், சேவோவுக்குப் போற இழுவை பாதி வழியில போயிட்டுது. 14 பிள்ளையளை ஏத்திக்கொண்டு எட்டு மாசம் இந்தப் பிறேக்கோட ஓடியிருக்கிறன், பெற்றோல் காசை நினைச்சு மட்டும் கவலைப்பட்டுக்கொண்டு. இதை எழுதவே வெக்கமாக் கிடக்குது.

வேலை அதோட முடியேல்ல. ஓஸ் மாத்தினாப் பிறகும் ஐயா விடேல்ல, பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடுற டிஸ்ரிபியூட்டர் பக்கத்தில இருக்கிற வட்டத் தகரத்துக்குப் போற மெல்லிய ஓஸைக் கழட்டி, நுனியைத் துடைச்சு வாயில வைச்சு உறிஞ்சினார். உறிஞ்சிப்போட்டு நாக்கால அடைச்சுப் பிடிச்சா இழுவை நிக்கோணும், உள்ள பிளேற் திரும்பி அப்பிடியே நிக்கோணும். என்ரையில காத்து ஓடி வந்துகொண்டே இருந்தது, உள்ள இருக்கிற டயபிராம் எண்டுற றப்பர் சவ்வு கிழிஞ்சு போச்சு. சமனாப் போகேக்க நெருப்பை முந்திக் குடுக்கிறது உந்தச் சாமான்தான், அது செத்தா நெருப்புப் பிந்தும், அதே வேகத்துக்கு ஆக்சிலேற்றரைக் கூட மிதிக்க வேணும், அதோட கிழிசலாலயும் காத்து உள்ள போகும், ரெண்டு பக்கத்தாலயும் நட்டம். பழசு ஒண்டு 4,500 க்குக் கிடைச்சது, பிறேக் ஓஸ் 1,200.

எல்லாம் பூட்டி முடிச்சுத்தான் மிக்சர் ஸ்குரூவையும் ஐட்லிங்கையும் திரும்ப வைச்சார், அதையும் கவனிக்கோணும். ஒழுக்கை அடைச்சுப்போட்டு ஸ்குரூவைப் பழையபடி விட்டா பெற்றோல் கூடின கூடினதுதான். என்னைக் கேட்டா ஒழுக்கு குடிச்ச பெற்றோலை விட, ஒழுக்கை மறைக்கிறதுக்கு நாங்கள் செய்த வேலை குடிச்ச பெற்றோல்தான் கூட. கலவை மெலிய, பலம் குறையும், காலைக் கூட அமத்துறம், மெக்கானிக் பெற்றோலைக் கூட்டி விடுறார், காலமையில சோக்கை இழுத்துப்போட்டு மறந்து போறம், எல்லாம் சேந்து லீற்றரைத் திண்டுது.

மருமோன் ஒருத்தன் உந்த இழுவையை அளக்கிற வக்கியூம் கேஜ் ஒண்டு வைச்சிருக்கிறான், பிறகு அதைப் பூட்டிப் பாத்தம். எங்கட இடம் கடல் மட்டத்தோட ஒட்டின சமதரை, நல்ல எஞ்சின் ஐட்லிங்கில இரச அங்குலக் கணக்கில 17 க்கும் 22 க்கும் இடையில ஆடாமல் நிக்கோணும், மலைநாட்டில எண்டா 1000 அடிக்கு ஒரு அங்குலம் மாதிரிக் குறையும். என்ரை இப்ப 19. பழைய ஓஸைத் திரும்பச் செருகிப் பாத்தா 13, முள்ளும் நடுங்குது. முள்ளு ஒரு தாளத்துக்கு விழுந்து விழுந்து எழும்பினா வால்வு கருகினதா இருக்கலாம், ரேஸ் பண்ணிப் பிடிச்சிருக்க மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு போனா சைலன்சர் அடைச்சிருக்கலாம். உந்தக் கேஜ் பெரிய விலையான சாமான் இல்ல, ஏன் ஒவ்வொரு கராச்சிலயும் ஒண்டு இல்ல எண்டுதான் எனக்கு விளங்கேல்ல, முப்பத்தெட்டாயிரத்துச் சாமானை மாத்தச் சொல்லுறதுக்கு முதல் ரெண்டு நிமிசம் பூட்டிப் பாத்தா என்ன.

கேஜ் இல்லாட்டிலும் வீட்டு வாசலிலயே ஒண்டு செய்யலாம், அண்ணை இதைத்தான் முதல் செய்யுங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, பிறேக்கை அஞ்சாறு தரம் மிதியுங்கோ, பெடல் இறுகும். அப்பிடியே காலை வைச்சு அமத்திக்கொண்டு ஸ்ராட் பண்ணுங்கோ. பெடல் காலுக்குக் கீழ கொஞ்சம் இறங்கோணும். இறங்காட்டி இழுவை வந்து சேரேல்ல. ஐட்லிங்கில நிக்கேக்க பிறேக்கை அமத்த எஞ்சின் சத்தம் கனக்க மாறி, சீற்றுக்குக் கீழயோ காலடியிலயோ பாம்பு சீறுற மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தா சேவோவின்ர டயபிராம் ஒழுகுது, அதோட ஹையர் ஓடாதீங்கோ.

டொல்பின் எண்டுற ஹையேஸ் வான் வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சுப்போட்டுத் தங்கட டீசல் வானில ஓஸ் தேடக்கூடாது, கனக்க டீசல் எஞ்சினில காத்தை மறிக்கிற தட்டு இல்ல, பிறேக்குக்கான இழுவையைத் தனிப் பம்ப் ஒண்டுதான் எடுத்துக் குடுக்கும், டீசல் கூடக் குடிச்சா நொசிலையும் பம்பையும் எயார் பில்டரையும் பாக்கிறதுதான் முறை. கொம்பியூட்டர் வைச்ச சின்ன வானுகளில, சுசுக்கி எவரி மாதிரி, கதை வேற மாதிரி, மனிபோல்டில இழுவை குறைய அது கூடக் காத்து வருது எண்டு நினைச்சுத் தானே பெற்றோலைக் கூட்டிக் குடுக்கும், ஐட்லிங் ஏறி நிக்கும், பிறகு சென்சர் சென்சராய் மாத்துவாங்கள்.

இன்னொண்டு, இது ஒழுக்குக் கதை இல்லாட்டிலும் சொல்லாமல் விட மனமில்ல. இஞ்ச வெக்கை எண்டு சொல்லி எஞ்சின் தண்ணி போற வழியில இருக்கிற தெர்மோஸ்ரற் வால்வைக் கழட்டி எறியிறது ஒரு வழக்கமாப் போச்சு. எஞ்சின் சூடேறவே பிந்தும், சூடேறாத எஞ்சின் பெற்றோலைச் சரியா எரிக்காது. ஸ்கூல் வான் மாதிரி அஞ்சு கிலோமீற்றர் ஓடி அரை மணித்தியாலம் நிக்கிற வானுக்கு அது கூட நட்டம். என்ரையிலயும் ஆரோ கழட்டியிருந்தாங்கள், போட்டாச்சு. கிறவல் றோட்டு ஓடுற ஆக்கள் பில்டரையும் அடிக்கடி தட்டிப் பாருங்கோ, செம்மண் புழுதி ரெண்டு கிழமைக்குள்ள அதைச் செங்கல்லாக்கிப்போடும்.

இப்ப எவ்வளவு ஓடுது எண்டு கேப்பியள். முள்ளைப் பாத்துச் சொல்லேல்ல, டாங்கை முட்ட அடிச்சு, மீற்றரைக் குறிச்சு, ஒரு கிழமை ஓடி, அதே செட்டில திரும்ப முட்ட அடிச்சுப் பாத்த கணக்கு, 8.8. அதே செட், அதே பெற்றோல்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் ரெக் எண்டு நாங்கள் சொல்லுற பயிற்சி நிறுவனம் 2016 இல இருந்து நடக்குது, வாகன வேலையும் படிப்பிக்கினம், நல்ல விசயம். அவையள் மாசத்தில ஒரு சனிக்கிழமை அரை நாள், எங்களை மாதிரி வான்காரருக்கும் சின்னக் கராச்காரருக்கும் ஓஸ் அமத்திப் பாக்கிறது, கேஜ் வாசிக்கிறது, புகைத் துண்டு வாசிக்கிறது எண்டு சொல்லித் தந்தா நாங்கள் காசு குடுத்தும் வருவம். உங்கட பேப்பர் இதைக் கேட்டு எழுதினா அவையளின்ர காதில விழும். புகைச் சோதனை செய்யிற இடங்களிலயும் பெயில் எண்டு துண்டை நீட்டிப்போட்டு அடுத்த வானைக் கூப்பிடாமல், எச்.சீ தனியக் கூட எண்டா என்னத்தைப் பாக்கோணும், சீ.ஓ கூட எண்டா என்னத்தைப் பாக்கோணும் எண்டு தமிழில ரெண்டு வரி அடிச்சுச் சுவரில ஒட்டி விடலாம்.

கடிதம் எழுதின அண்ணை விசுவமடுப் பக்கம் வந்தா ஒருக்கா வானை நிப்பாட்டுங்கோ, பிளையரும் சாறத்துண்டும் என்னட்ட இருக்குது.

இப்படிக்கு,
ஸ்கூல் வான்காரன் ஒருத்தன்,
விசுவமடு.

பி.கு: பிறேக் சேவோவுக்கு ஓஸ் வாங்கேக்க கடையில பிறேக் வக்கியூம் ஓஸ் எண்டு சொல்லிக் கேட்டு வாங்குங்கோ. தண்ணி ஓஸையோ பெற்றோல் ஓஸையோ வெட்டித் தந்தா வாங்காதீங்கோ, சூடேற இழுவைக்கு உள்பக்கம் சப்பளிஞ்சு ஒட்டிப்போடும். ஓஸுக்கு நடுவில ஒருவழி வால்வு இருந்தா அதில கிடக்கிற அம்புக்குறி எஞ்சின் பக்கம் பாக்கோணும், மாறிப் பூட்டினா பிறேக் திரும்பவும் கல்லுத்தான்.